வரியே இல்லை, அப்புறம் ஏன் ஏற்றுமதி விழுந்தது?

2017க்கு முன்னால் கோயம்புத்தூரிலிருந்து பாலக்காட்டுக்குச் சரக்கு அனுப்பியவர் யாராவது தெரிந்தால், வாளையார் செக்போஸ்ட்டைப் பற்றிக் கேட்டுப் பாருங்கள். ஐம்பது சொச்சம் கிலோமீட்டர்தான் தூரம். ஆனால் லாரி வரிசையில் நின்று, பில்லைக் காட்டி, முத்திரை வாங்கி நகர்வதற்குள் ஒரு ராத்திரி போய்விடும். இத்தனைக்கும் இரண்டு பக்கமும் ஒரே நாடு. ஜி.எஸ்.டி வந்ததும் வணிக வரி செக்போஸ்ட்டுகளை எடுத்தார்கள். இப்போது ஒரு கற்பனை: நாளைக் காலையிலிருந்து அந்தச் செக்போஸ்ட் திரும்ப வருகிறது, ஆனால் வரி ஒரு பைசா கிடையாது, பேப்பரை மட்டும் சரியாகக் காட்டினால் போதும் என்கிறார்கள். அடி யாருக்கு விழும்?

பிரிட்டன் ஐரோப்பிய ஒன்றியத்தை விட்டு வெளியேறியபோது, அதாவது பிரெக்ஸிட்டில், நடந்தது கிட்டத்தட்ட இதுதான். 2016 ஜூன் 23 வாக்கெடுப்பில் 51.9 சதவீதம் பேர் விலகலாம் என்றார்கள். 2020 ஜனவரி 31 அன்று சட்டப்படி விலகியாயிற்று, ஆனால் அந்த வருடம் முழுக்கப் பழைய விதிகளே ஓடின. புது ஒப்பந்தம் டிசம்பர் 24ஆம் தேதி முடிவாகி, ஒரே வாரத்தில் நடைமுறைக்கு வந்துவிட்டது. ஆயிரத்து இருநூறு பக்கத்துக்கு மேல், அதுவும் கிறிஸ்துமஸ் விடுமுறையில், எந்தக் கம்பெனிக்காரர் உட்கார்ந்து படித்திருப்பார்? அரசு சொன்ன செய்தி என்னவோ நன்றாகத்தான் இருந்தது: பொருள்களுக்குச் சுங்க வரி பூஜ்யம், அளவுக் கட்டுப்பாடும் கிடையாது. அப்படியிருந்தும் 2021 ஜனவரியில் ஐரோப்பாவுக்குப் போன பொருள் ஏற்றுமதி முந்தைய மாதத்தைவிட 40 சதவீதம் அளவுக்கு விழுந்தது.

அந்த 40 சதவீதத்தை அப்படியே நம்பிவிட வேண்டாம், அதற்கு அப்புறம் வருகிறேன். முதலில், வரியே இல்லாத இடத்தில் ஏற்றுமதி ஏன் குறைய வேண்டும்?

வர்த்தகக் கூட்டமைப்பு என்றதும் நமக்கு வரிச் சலுகைதான் நினைவுக்கு வருகிறது. அது வெறும் முதல் படி. வரியில்லா ஒப்பந்தம் இருந்தாலும், எல்லையில் ஒரு அதிகாரி உட்கார்ந்து இது எங்கே செய்தது, உள்ளே என்ன இருக்கிறது என்று கேட்கத்தான் செய்வார். அடுத்த படி சுங்க ஒன்றியம். உறுப்பு நாடுகள் எல்லாம் வெளியிலிருந்து வரும் பொருளுக்கு ஒரே வரி போடுவதால், உள்ளுக்குள்ளே பொருளின் பூர்வீகத்தை விசாரிக்கத் தேவையில்லை. அதற்கும் மேலே 1993இல் வந்த ஒற்றைச் சந்தை. பாலாடைக்கட்டிக்கு என்ன சுகாதார விதி, பொம்மையில் என்ன பெயின்ட் அடிக்கலாம் என்பது வரைக்கும் எல்லோருக்கும் பொதுவான விதி. ஸ்காட்லாந்தில் பாஸான மீன் பாரிஸிலும் பாஸ். பிரிட்டன் இந்தக் கடைசி இரண்டு படியிலிருந்தும் இறங்கி முதல் படியில் வந்து நின்றது.

இறங்கியது எப்படி உறைத்தது என்பதற்கு நெதர்லாந்தின் ஹுக் ஆஃப் ஹாலண்ட் துறைமுகத்தில் எடுத்த ஒரு டிவி காட்சி உண்டு. 2021 ஜனவரி. இங்கிலாந்திலிருந்து வந்த டிரைவரின் சாண்ட்விச்சை அதிகாரி பறிமுதல் செய்கிறார், உள்ளே இறைச்சி இருப்பதால். ரொட்டியையாவது வைத்துக்கொள்ளட்டுமா என்று டிரைவர் கேட்க, முடியாது, பிரெக்ஸிட்டுக்கு வரவேற்கிறோம் சார், மன்னிக்கணும் என்கிறார் அவர். எல்லோரும் சிரித்துவிட்டுப் போனார்கள். ஆனால் ஏற்றுமதியாளருக்கு அந்த விதியின் பெரிய வடிவம் காத்திருந்தது: இறைச்சி, மீன், பால் பொருள் எதுவானாலும் கால்நடை மருத்துவர் போன்ற ஓர் அதிகாரி பார்த்துக் கையெழுத்திட்ட சுகாதாரச் சான்றிதழ் வேண்டும். அந்த வருடம் செஷயரில் ஒரு பாலாடைக்கட்டிக் கம்பெனி, ஐரோப்பிய வாடிக்கையாளருக்குத் தபாலில் 30 பவுண்டு மதிப்புள்ள பரிசுப் பெட்டி அனுப்பத் தனக்கு 180 பவுண்டு சான்றிதழ் தேவைப்படுகிறது என்று சொன்னது செய்தித்தாள்களில் வந்தது.

சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம் என்று நம் ஆட்கள் சொல்வது அச்சு அசலாக இதைத்தான். விஷயத்தின் உயிர்நாடியும் இங்கேதான் இருக்கிறது. சுங்க வரி என்பது விலையில் ஒரு பங்கு. ஆயிரம் ரூபாய் சரக்குக்கு 10 சதவீதம் என்றால் நூறு, ஒரு கோடிக்கு என்றால் பத்து லட்சம். பெரியவருக்கும் சிறியவருக்கும் அதே விகிதம். பேப்பர் செலவு அப்படிக் கிடையாது. ஒரு தடவை சரக்கு அனுப்பினால் ஒரு சுங்கப் படிவம், ஒரு ஏஜென்ட் கட்டணம், ஒரு சான்றிதழ். பெட்டிக்குள் 30 பவுண்டு சரக்கு இருந்தாலும் சரி, ஒரு லாரி நிறைய மூன்று லட்சம் பவுண்டு சரக்கு இருந்தாலும் சரி, அந்தச் செலவு பெரிதாக மாறுவதில்லை. லாரிக்காரருக்கு அது கொசுக்கடி. பரிசுப் பெட்டிக்காரர் கடையை மூட வேண்டியதுதான். இதில் இன்னொரு கொடுமை, பல சிறு கம்பெனிகளின் சரக்கை ஒரே லாரியில் ஏற்றி அனுப்பும் வழக்கம். அதில் ஒருவருடைய பேப்பரில் ஒரு எழுத்து தப்பினாலும் மொத்த லாரியும் நிற்கும், பக்கத்தில் இருப்பவரின் மீன் நாறும்.

சிப்பி வளர்ப்பவர்களின் கதை இன்னும் மோசம். பிரிட்டனின் பல கடற்பகுதிகளின் நீர் இரண்டாம் தரம், அங்கே எடுத்த சிப்பியைச் சுத்திகரித்த பிறகுதான் சாப்பிடலாம். உறுப்பு நாடாக இருந்தவரை உயிரோடு அனுப்பி ஐரோப்பாவிலேயே சுத்திகரித்துக்கொண்டார்கள். வெளிநாடு ஆனதும் அதற்கு அனுமதியே இல்லை. ஒன்றியம் புதிதாக எந்தத் தடையும் போடவில்லை, வெளிநாடுகளுக்கென்று முன்பே இருந்த விதி, அதை எழுதியபோது பிரிட்டனும் உள்ளேதான் இருந்தது.

அடுத்தது பிறப்பிட விதி. வரி பூஜ்யம் என்று சொன்னேன் அல்லவா, அது பிரிட்டனில் அல்லது ஒன்றியத்தில் ‘பிறந்த’ பொருளுக்குத்தான். ஒரு பொருள் எங்கே பிறந்தது என்று எப்படி முடிவு செய்வது? பெட்ரோல் கார் என்றால், வெளியிலிருந்து வந்த பாகங்களின் மதிப்பு 45 சதவீதத்துக்கு மேல் போகக் கூடாது, போனால் 10 சதவீத வரி. துணி இன்னும் வேடிக்கை. இந்தியாவில் நெய்த துணியை லெஸ்டரில் வெட்டித் தைத்தால் மட்டும் அது பிரிட்டிஷ் சட்டை ஆகிவிடாது, துணியும் பிரிட்டனிலோ ஒன்றியத்திலோ நெய்திருக்க வேண்டும். இல்லையென்றால் ஆயத்த ஆடைக்கான 12 சதவீத வரி. மார்க்ஸ் அண்ட் ஸ்பென்சரின் பன்றி முக மிட்டாய் ஜெர்மனியில் தயாராகி, பிரிட்டனுக்கு வந்து, அங்கிருந்து அயர்லாந்துக் கடைகளுக்குப் போகும். கிளம்பிய இடமும் போய்ச் சேரும் இடமும் ஐரோப்பிய ஒன்றியம்தான், ஆனால் நடுவில் பிரிட்டனில் அதற்கு எந்த வேலையும் செய்யாததால் பிறப்பிடச் சலுகை போய் வரி வந்து உட்கார்ந்துவிட்டது.

பவுண்டின் மதிப்பு 2016இலேயே சரிந்ததே, அதனால் ஏற்றுமதி கூடியிருக்க வேண்டாமா என்று சிலர் கேட்பார்கள். ஓரளவு நியாயமான கேள்வி. ஆனால் ஏற்றுமதிப் பொருளுக்கான பாகங்களே வெளியிலிருந்துதான் வருகின்றன என்றால், விற்கும் இடத்தில் கிடைத்த லாபத்தை வாங்கும் இடத்தில் கொடுக்க வேண்டியிருக்கும்.

சரி, அந்த 40 சதவீதத்துக்கு வருவோம். 2020 டிசம்பரில், என்ன ஆகுமோ என்று பயந்து எல்லோரும் சரக்கை முன்கூட்டியே அனுப்பிக் கிடங்கில் குவித்தார்கள். ஜனவரியில் ஆர்டர் குறைந்ததில் அதற்கும் பங்கு உண்டு. கூடவே கோவிட் ஊரடங்கு. இரண்டையும் சேர்த்து பிரெக்ஸிட் தலையில் போட்டால் அது கணக்காகாது. ஏற்றுமதி அடுத்த மாதங்களில் கணிசமாக மீண்டுவிட்டது. அப்படியானால் உண்மையான பாதிப்பைப் பிரித்தெடுப்பது எப்படி? எனக்குப் பிடித்த வழி இது: ஒரே கம்பெனி ஐரோப்பாவுக்கும் விற்கிறது, மற்ற நாடுகளுக்கும் விற்கிறது. கோவிட் இரண்டு விற்பனையையும் தாக்கும், பவுண்டு சரிவும் அப்படியே. பிரெக்ஸிட் மட்டும் ஒரு பக்கத்தைத்தான் தாக்கும். இரண்டுக்கும் நடுவில் விழுந்த இடைவெளியை அளந்தால் போதும்.

லண்டன் ஸ்கூல் ஆஃப் எகனாமிக்ஸ் ஆய்வாளர்கள் ஒரு லட்சத்துக்கு மேற்பட்ட கம்பெனிகளின் சுங்கப் பதிவுகளை வைத்து இப்படித் தோண்டினார்கள். பிரிட்டனின் மொத்தப் பொருள் ஏற்றுமதி பிரெக்ஸிட்டால் 6.4 சதவீதம் குறைந்திருக்கிறது என்பது 2024இல் வந்த முடிவு. சர்வநாசம் என்று சொன்னவர்களும் தப்பு, ஒன்றும் ஆகாது என்று சொன்னவர்களும் தப்பு. ஆனால் எனக்கு முக்கியமாகப் பட்டது அதற்குள் இருந்த இன்னொரு எண். சுமார் 16,400 கம்பெனிகள் ஐரோப்பாவுக்கு அனுப்புவதையே அடியோடு நிறுத்திவிட்டன, முன்பு அனுப்பிக்கொண்டிருந்தவற்றில் 14 சதவீதம். பெரிய கம்பெனிகளின் ஏற்றுமதி ஏறக்குறைய அசையவே இல்லை. பேப்பர் செலவைப் பற்றி மேலே சொன்னது அப்படியே எண்ணாக வந்து நிற்கிறது. சேவைகள் தனிக் கதை: கன்சல்டிங், கம்ப்யூட்டர் வேலை எல்லாம் இங்கிலாந்தின் டோவர் துறைமுகத்தில் வரிசையில் நிற்பதில்லை, அவை வளர்ந்துகொண்டேதான் இருந்தன.

ஐரோப்பா போனால் போகட்டும், உலகம் பெரிது, வேறு இடத்தில் விற்றுக்கொள்ளலாமே என்பது பிரெக்ஸிட் ஆதரவாளர்களின் வாதம். இங்கேதான் இயற்பியல் வாசனை அடிக்கும் ஒரு விதி குறுக்கே வருகிறது. யான் டின்பெர்கன் இயற்பியலில் டாக்டர் பட்டம் வாங்கிவிட்டுப் பொருளாதாரத்துக்கு வந்த டச்சுக்காரர், பொருளாதாரத்துக்கான முதல் நோபலை 1969இல் பகிர்ந்துகொண்டவர். 1962இல் அவர் காட்டியது: இரண்டு நாடுகளுக்கு இடையிலான வர்த்தகம் நியூட்டனின் ஈர்ப்பு விதி மாதிரியே நடக்கிறது, பொருளாதாரம் பெரிதானால் கூடும், தூரம் கூடினால் குறையும். தூரம் இரண்டு மடங்கானால் வர்த்தகம் ஏறக்குறைய பாதி. கப்பல் இவ்வளவு மலிவாகிவிட்ட காலத்திலும் இந்த விதி அசராமல் நிற்பது எனக்கு இன்னும் ஆச்சரியம்தான். பிரான்சின் காலே துறைமுகம் டோவரிலிருந்து கூப்பிடு தூரம். ஆஸ்திரேலியா அப்படியா?

2025 ஜூலையில் இந்தியாவோடு பிரிட்டன் கையெழுத்திட்ட ஒப்பந்தம் திருப்பூர் பனியன்காரர்களுக்கு நல்ல செய்திதான், வங்கதேசம் வரியில்லாமல் அனுப்பும் இடத்தில் இவர்கள் வரி கட்டிக்கொண்டு போட்டி போட்டார்கள். ஆனால் பிரிட்டன் பக்கத்திலிருந்து பாருங்கள்: அந்த ஒப்பந்தத்தால் காலப்போக்கில் வருடத்துக்கு 4.8 பில்லியன் பவுண்டு கூடும் என்பது அவர்கள் அரசே போட்ட கணக்கு. நாட்டின் உற்பத்தியில் அது 0.1 சதவீதத்தைச் சற்றே தாண்டும். பிரெக்ஸிட்டால் நீண்ட காலத்தில் உற்பத்தித் திறன் 4 சதவீதம் குறையும் என்பது பிரிட்டனின் பட்ஜெட் கண்காணிப்பு அலுவலகத்தின் மதிப்பீடு.

அதனாலோ என்னவோ, 2025 மே மாதம் லண்டனில் இரு தரப்பும் உட்கார்ந்து, உணவுப் பொருள்களுக்கான அந்தச் சான்றிதழ்த் தொல்லையைப் பெரும்பாலும் ஒழிக்கப் பேச்சு நடத்தலாம் என்று ஒத்துக்கொண்டன. அதற்கு பிரிட்டன் சம்மதித்த விலை: ஐரோப்பாவின் உணவு விதி மாறும்போதெல்லாம் தன் விதியையும் அதற்கேற்ப மாற்றிக்கொள்வது. முன்பு அந்த விதிகளுக்கு ஓட்டுப் போட்ட நாடு அது. இப்போது கருத்துச் சொல்லலாம், ஓட்டு கிடையாது.