கார் லேனுக்கு நடுவில்தான் போகிறது, உங்களுக்கு ஏன் பதறுகிறது?

ஏடாஸ் (ADAS) எனப்படும், பிரேக், வேகம், ஸ்டியரிங் ஆகியவற்றில் ஓட்டுநருக்கு உதவும் வசதி உள்ள புதுக் கார் வாங்கியவர்களுக்கு அதை நெடுஞ்சாலையில் பழக்கிக்கொடுப்பது என் தொழில். கார் தானாக பிரேக் பிடிப்பதையும், முன்னால் போகும் வண்டிக்கு ஏற்ப வேகத்தைக் குறைப்பதையும் மக்கள் சீக்கிரம் ஏற்றுக்கொள்கிறார்கள். ஸ்டியரிங் தானாக அசையத் தொடங்கும்போதுதான் முகம் மாறும். “லாரியை உரசுற மாதிரி போகுது சார்”, “மீடியன் பக்கமே ஒதுங்குது”, “வளைவுல நான் திருப்புற இடத்துல அது திருப்ப மாட்டேங்குது.” இந்த மூன்றையும் திரும்பத் திரும்பக் கேட்கிறேன்.

இதற்கு ஷோரூமில் பெரும்பாலும் கிடைக்கும் பதில், “போகப் போகப் பழகிடும்.” அது பாதிதான் சரி. இந்தச் சங்கடத்தில் ஒரு பங்கு நம் பழக்கத்தால் வருவது, அது தானாகவே சரியாகிவிடும். இன்னொரு பங்கு, காருக்குத் தெரியாத ஒன்று உங்கள் கண்ணுக்குத் தெரிவதால் வருவது. அதை ஒருபோதும் பழகிக்கொள்ளக் கூடாது. இரண்டையும் பிரித்துப் பார்க்கத் தெரிந்துகொள்ளுங்கள் என்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

முதலில் ஒரு விஷயம். இப்போது நம் ஊரில் விற்கும் ஏடாஸ் கார்கள் தானாக ஓடும் கார்கள் இல்லை. ஸ்டியரிங்கையும் வேகத்தையும் ஒரே நேரத்தில் கவனித்துக்கொண்டாலும், அதிகபட்சம் லெவல் 2 என்ற வகைதான். சாலையைப் பார்ப்பதும் பொறுப்பேற்பதும் ஓட்டுநர்தான். ஸ்டியரிங் சம்பந்தப்பட்ட வேலையிலும் மூன்று ரகம் உண்டு. ஒன்று, கோட்டைத் தாண்டினால் சத்தம் போடுவதோடு நின்றுவிடும். இன்னொன்று, கோட்டை நெருங்கும்போது மட்டும் உள்ளே தள்ளிவிடும். மூன்றாவது, எப்போதும் லேனின் நடுவிலேயே பிடித்து வைக்கும். உங்கள் காரில் இருப்பது எது என்று கையேட்டைப் பார்த்துத் தெரிந்துகொள்ளுங்கள். இரண்டாவது ரகத்தை மூன்றாவது என்று நினைத்துக் கையைத் தளர்த்துபவர்களின் கார், இந்தக் கோட்டுக்கும் அந்தக் கோட்டுக்குமாகத் தட்டுத்தடுமாறிப் போகும். அது கோளாறு இல்லை, அந்த வசதி அவ்வளவுதான்.

சரி, மீடியன் பக்கம் ஒதுங்குகிறது என்ற புகார். நாம் உட்காருவது வலப்பக்கம். காரின் நடுக்கோட்டிலிருந்து நம் கண் ஓரடிக்கு மேல் தள்ளி இருக்கிறது. பலர் காரை நடுவில் வைப்பதற்குப் பதிலாகத் தங்கள் உடம்பை லேனின் நடுவில் வைத்தே ஓட்டிப் பழகியிருப்பார்கள். அப்படி ஓட்டினால் கார் அந்த அளவுக்கு இடப்பக்கம் தள்ளிப் போகும், அது அவர்களுக்குத் தெரிவதில்லை. ஏடாஸ் காரைச் சரியாக நடுவுக்குக் கொண்டுவந்ததும் வலப்பக்கக் கோடும் மீடியனில் இருக்கும் அரளிச் செடிகளும் சட்டென்று பக்கத்தில் வந்துவிட்டதாகத் தோன்றும். நேரான, வண்டி குறைந்த சாலையில் இரண்டு பக்கக் கண்ணாடியையும் ஒருமுறை பாருங்கள். காரின் பக்கவாட்டுக்கும் கோட்டுக்கும் உள்ள இடைவெளி இரண்டிலும் ஒரே அளவாகத் தெரிந்தால் கார் செய்வது சரி, உங்கள் கண்தான் பழக வேண்டும். அதற்கு அதிக நாள் ஆகாது.

வளைவில் வரும் சங்கடமும் ஓரளவு இப்படித்தான். வளைவில் ஓட்டும்போது நம் பார்வை எங்கே போகிறது என்று மைக்கேல் லேண்ட், டேவிட் லீ என்ற இரண்டு ஆய்வாளர்கள் 1994இல் அளந்து பார்த்தார்கள். வளைவின் உள்பக்க ஓரம் எங்கே திசை மாறித் திரும்புவதாக நமக்குத் தெரிகிறதோ, அந்த இடத்தில்தான் ஓட்டுநரின் கண் நிலைக்கிறது. அதைப் பார்த்துக்கொண்டே நாம் கொஞ்சம் முன்கூட்டித் திருப்புகிறோம், உள்பக்கமாகச் சற்று வெட்டியும் போகிறோம். கார் வெட்டாது, நடுவிலேயே சுற்றிவரும். அதனால் நீங்கள் எதிர்பார்த்த கணத்தில் ஸ்டியரிங் திரும்பாமல் இருக்கும், வயிற்றில் ஒரு கலக்கம் வரும். மெதுவான வளைவு என்றால் இது பழகிவிடும். ஆனால் கூர்மையான வளைவுகளில் பல அமைப்புகள் பாதியிலேயே விட்டுவிடும். ஆகவே மலைப்பாதையில் இதைப் போடவே வேண்டாம் என்று எல்லோரிடமும் கண்டிப்பாகச் சொல்கிறேன்.

இப்போது லாரி. கணக்காகவே பார்ப்போம். நம் நெடுஞ்சாலையில் ஒரு லேன் 3.5 மீட்டர். ஒரு நடுத்தர எஸ்யூவியின் அகலம் சுமார் 1.8 மீட்டர். நடுவில் போனால் இருபுறமும் 85 சென்டிமீட்டர் மிஞ்சும். பக்கத்து லேனில் 2.6 மீட்டர் அகலமுள்ள லாரியும் ஒழுங்காக நடுவில் போனால் அதன் பங்கு 45 சென்டிமீட்டர். ஆக, இரண்டு வண்டிகளுக்கும் இடையே 1.3 மீட்டர். இரண்டின் பக்கக் கண்ணாடிகளையும் கழித்துக்கொள்ளுங்கள். லாரி கோட்டை ஒட்டி வந்தால் இன்னும் 45 போய்விடும். லோடு ஏற்றிய டிரைலர் காற்றில் லேசாக ஆடினாலும் கேட்க வேண்டாம். இந்த இடத்தில் அனுபவமுள்ள எந்த ஓட்டுநரும் யோசிக்காமலே அரையடி வலப்பக்கம் ஒதுங்கித் தாண்டுவார். நடுக்கோட்டை மட்டுமே பிடித்துக்கொண்டிருக்கும் கார் ஒதுங்காது. அப்போது உங்களுக்கு வரும் பதற்றம் நியாயமானது. ஃபோர்டு நிறுவனம் 2022இல் அறிவித்த ப்ளூகுரூஸ் என்ற தன் ஓட்டுநர் உதவி அமைப்பின் 1.2 பதிப்பில், பக்கத்து லேனில் வண்டி இருந்தால் லேனுக்குள்ளேயே சற்று விலகிப் போகும் வசதியைச் சேர்த்தது. ஓட்டுநர்களின் சங்கடத்தில் பொருள் இருக்கிறது என்பதற்கு இதைவிட வேறென்ன வேண்டும்?

நான் அதிகம் கவலைப்படுவது லாரியைப் பற்றிக்கூட இல்லை, டூவீலரைப் பற்றி. திண்டிவனம் தாண்டி இடது லேனில் போகிறீர்கள் என்று வையுங்கள். முன்னால் பின்சீட்டில் பால் கேன் கட்டிய ஒரு மொபெட், லேனின் இடது ஓரத்தில். ஒதுங்கிப் போகலாம் என்று ஸ்டியரிங்கை லேசாக வலப்பக்கம் திருப்புகிறீர்கள். இண்டிகேட்டர் போடவில்லை. ஏனென்றால் லேன் மாறப்போவதில்லை, கொஞ்சம் இடம் விடப்போகிறீர்கள், அவ்வளவே. வலது டயர் விட்டுவிட்டுப் போட்ட வெள்ளைக்கோட்டை நெருங்கியதும் ஸ்டியரிங் கையில் அதிரும், பிறகு உங்களை இடப்பக்கம் தள்ளும். அதாவது அந்த மொபெட் இருக்கும் பக்கமாக. நீங்கள் தூக்கத்தில் கோடு தாண்டுகிறீர்கள் என்று கார் நினைக்கிறது. எதற்காக ஒதுங்குகிறீர்கள் என்பது அதற்குத் தெரியாது.

அந்தத் தள்ளல் பலமானது இல்லை. ஸ்டியரிங்கை உறுதியாகப் பிடித்திருந்தால் உங்கள் கைதான் ஜெயிக்கும், அப்படித்தான் வடிவமைத்திருக்கிறார்கள். ஆனால் எதிர்பாராமல் வரும்போது சிலர் பதறிக் கையை விட்டுவிடுகிறார்கள், சிலர் வெடுக்கென்று எதிர்ப்பக்கம் ஒடித்துவிடுகிறார்கள். இரண்டுமே மொபெட்டில் போகிறவரின் உயிரோடு விளையாடுவது. வலது லேன் காலியாக இருந்தால் இண்டிகேட்டர் போட்டு முழுசாக மாறித் தாண்டுங்கள். இண்டிகேட்டர் எரிந்தால் அந்தப் பக்கக் கோட்டில் கார் குறுக்கிடாது. வலது லேனில் பேருந்து வருகிறதா, வேகத்தைக் குறைத்து மொபெட்டுக்குப் பின்னாலேயே போங்கள். இடையில் புகுந்து தாண்ட நினைக்காதீர்கள்.

லேனுக்குள் எங்கே இருப்பது என்பது முழுக்கத் தானாக ஓடும் கார்களுக்கும் லேசான கேள்வி இல்லை. 2016 பிப்ரவரி 14 அன்று கலிஃபோர்னியாவின் மவுண்டன் வியூவில், எல் கமினோ ரியல் சாலையில், கூகுளின் தானியங்கி லெக்சஸ் கார் வலப்பக்கம் திரும்ப வேண்டியிருந்தது. அங்கே ஓர லேன் அகலமானது. நேராகப் போக நிற்கும் வண்டிகளைத் தாண்டி, லேனின் வலது ஓரத்தை ஒட்டியே ஊர்ந்துபோய்த் திரும்புவது அங்குள்ளவர்களின் வழக்கம். சில வாரங்களுக்கு முன்புதான் காருக்கும் அதைக் கற்றுக்கொடுத்திருந்தார்கள். ஓரத்தில் வடிகாலைச் சுற்றி மணல் மூட்டைகள் இருந்ததால் கார் நின்றது, அப்புறம் லேனின் நடுவுக்குத் திரும்பியது. பின்னால் வந்த பேருந்து வழிவிடும் என்று காரும் எதிர்பார்த்தது, உள்ளே இருந்த சோதனை ஓட்டுநரும் எதிர்பார்த்தார். பேருந்து விடவில்லை. கார் மணிக்கு 3 கிலோமீட்டர் வேகத்தில் அதன் பக்கவாட்டில் இடித்தது. நல்லவேளை, காயம் யாருக்கும் இல்லை. பொறுப்பில் ஒரு பங்கை கூகுளும் ஏற்றுக்கொண்டது.

அதே ஊரில் 2018 மார்ச் 23 அன்று நடந்தது அப்படி முடியவில்லை. 101ஆம் நெடுஞ்சாலையில் இடப்பக்கம் ஒரு பாதை பிரியும் இடத்தில், ஆட்டோபைலட் என்ற ஓட்டுநர் உதவி அமைப்பில் போன டெஸ்லா மாடல் எக்ஸ் கார், இரண்டு பாதைகளுக்கும் நடுவே விரியும் முக்கோண இடத்துக்குள் போய்த் தடுப்பில் மோதியது. ஓட்டுநர் இறந்துபோனார். அமெரிக்கப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் 2020இல், அமைப்பின் வரம்புகளையும் ஓட்டுநரின் கவனம் ஃபோனில் இருந்ததையும் காரணமாகச் சொன்னது. அந்த இடத்தில் கார் இடப்பக்கம் இழுக்கிறது என்று அவர் முன்பே வீட்டில் சொல்லியிருந்ததும் விசாரணை ஆவணங்களில் இருக்கிறது. படிக்கும்போதெல்லாம் மனசு கனக்கும் வரி அது.

நம் சாலைகளில் அப்படிப்பட்ட இடங்களுக்குப் பஞ்சமில்லை. விரிவாக்கப் பணி நடக்கும் இடத்தில் பழைய கோட்டைப் பாதி சுரண்டிவிட்டு, பக்கத்திலேயே புதுக் கோடு போட்டிருப்பார்கள். விரிசலில் ஊற்றிய தார், மாலை வெயிலில் கோடு போலவே மின்னும். சர்வீஸ் ரோடு பிரியும் இடத்தில் கோடு அங்கேயும் போகும், இங்கேயும் போகும். இங்கெல்லாம் ஸ்டியரிங் உதவியை முன்கூட்டியே அணைத்துவிடுங்கள். அணைக்கும் பட்டன் எங்கே இருக்கிறது என்று, வண்டி நிற்கும்போதே விரலுக்குப் பழக்குங்கள். ஒரே சாலையில் தினமும் போகிறவர்கள், கார் எங்கே தடுமாறுகிறது என்று மனதில் குறித்துக்கொண்டு, அங்கே மறுநாள் நீங்களே ஓட்டுங்கள். கை வைக்கச் சொல்லும் எச்சரிக்கையை ஏமாற்ற ஸ்டியரிங்கில் பாட்டில் செருகுவதை யாராவது காட்டிக்கொடுத்தால் தயவுசெய்து கேட்காதீர்கள்.

நேரான, கோடு தெளிவாக உள்ள சாலையிலும் எப்போதும் ஒரே பக்கமாக ஒதுங்குகிறது என்றால் அது பழக்கமும் இல்லை, சாலையும் இல்லை. முன் கண்ணாடியை மாற்றினீர்களா என்று யோசித்துப் பாருங்கள். கேமரா அதற்குப் பின்னால்தான் இருக்கிறது, மாற்றிய பிறகு கேமராவின் பார்வையைச் சரிசெய்யும் கேலிப்ரேஷனை மறுபடி செய்தாக வேண்டும். வீல் அலைன்மென்டையும் பார்க்கச் சொல்லுங்கள். சர்வீஸ் சென்டருக்குப் போகும்போது, எந்தச் சாலை, எந்த வேகம், பகலா இரவா, எந்தப் பக்கம் ஒதுங்கியது என்று எழுதிக்கொண்டு போங்கள். “எல்லா வண்டியிலும் அப்படித்தான் சார்” என்று சொன்னால், அங்கே நிற்கும் அதே மாடல் இன்னொரு வண்டியில் உங்களைக் கூட்டிக்கொண்டு போய் ஓட்டிக்காட்டச் சொல்லுங்கள்.