மாடியில் சோலார் போடும் முன் இ.பி. கார்டில் யார் பெயர் இருக்கிறதென்று பாருங்கள்

வேலூரைப் பற்றிக் கிண்டலாக ஒரு பட்டியல் சொல்வார்கள்: தண்ணி இல்லாத ஆறு, ராஜா இல்லாத கோட்டை, மரம் இல்லாத மலை. வெயில் இல்லாத ஊர் என்று மட்டும் இதுவரை யாரும் சொன்னதில்லை. கத்திரி வெயிலில் மொட்டை மாடியில் வெறுங்காலோடு நடக்க முடியாது. அந்த வெயிலை மின்சாரமாக்க அரசாங்கம் பணமும் தருகிறது. ஆனால் என்னிடம் விண்ணப்பம் நிரப்ப வருகிறவர்களில் பலர், கம்பெனிக்காரரிடம் அட்வான்ஸ் கொடுத்துவிட்டு, கம்பி கட்டி, பேனலும் ஏற்றிவிட்டு, மானியம் வரவில்லையே என்று வருகிறார்கள். அப்போது வந்தால் செய்ய அதிகம் ஒன்றும் இருக்காது. முன்னாலேயே படித்துவிட்டுப் போகட்டும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

மத்திய அரசின் இந்தத் திட்டத்தின் பெயர் பிஎம் சூர்ய கர். 2024 பிப்ரவரியில் தொடங்கியது. ஒரு கோடி வீடுகள் இலக்கு, ஒதுக்கீடு 75,021 கோடி ரூபாய். உங்களுக்கு வேண்டிய கணக்கு இவ்வளவுதான்: முதல் இரண்டு கிலோவாட்டுக்குக் கிலோவாட்டுக்கு 30,000, மூன்றாவதுக்கு 18,000. ஆக 1 கிலோவாட் போட்டால் 30,000, 2 போட்டால் 60,000, 3 போட்டால் 78,000. அதற்கு மேல் 5 போட்டாலும் 10 போட்டாலும் அதே 78,000தான். வருமான வரம்பு கிடையாது. வருமானச் சான்று, சாதிச் சான்று என்று யாராவது கேட்டால் எதற்கு என்று திருப்பிக் கேளுங்கள்.

திட்டத்தின் முழுப் பெயரில் 'இலவச மின்சாரம்' என்று வருகிறதே, முதல் குழப்பம் அதிலேயே ஆரம்பிக்கிறது. அரசாங்கம் 300 யூனிட் சும்மா தரப்போவதாக நினைத்துக்கொண்டு நிறையப் பேர் வருகிறார்கள். யாரும் எதையும் சும்மா தரவில்லை. உங்கள் பணத்தில் நீங்கள் பேனல் போடுகிறீர்கள், அது தயாரிக்கிற மின்சாரம் பில்லில் கழிகிறது, போட்ட செலவில் ஒரு பங்கு பிறகு மானியமாக வருகிறது. தயவுசெய்து 'பிறகு' என்பதைக் கவனியுங்கள். 3 கிலோவாட்டுக்கு வெளிச்சந்தையில் இரண்டு லட்சத்தை ஒட்டி ஆகும், அதை முதலில் நீங்கள்தான் புரட்ட வேண்டும். இன்னொன்று, அந்த 300 யூனிட் மாதக் கணக்கு. நம்ம ஊர் பில் இரண்டு மாதக் கணக்கு. கார்டில் 400 என்று பார்த்து, அதை மாதக் கணக்கென்று நினைத்துக்கொண்டு 'எனக்கு 3 கிலோவாட் போதாது' என்று சொன்ன ஒருவரை உட்கார வைத்து விளக்க எனக்கு அரை மணி நேரம் ஆயிற்று.

நம் வெயிலில் ஒரு கிலோவாட் பேனல் ஒரு நாளைக்குச் சுமாராக 4 யூனிட் தரும், இரண்டு மாதத்துக்கு 240. ஆகவே கார்டில் இரண்டு மாதத்துக்கு 450, 500 என்று வருகிற வீட்டுக்கு 2 கிலோவாட் போதும். 700ஐத் தொடுகிற வீட்டுக்கு 3. உங்கள் வீட்டில் 200 யூனிட்தான் ஓடுகிறதென்றால் நேராகச் சொல்கிறேன், போடாதீர்கள். முதல் 100 யூனிட் மாநில அரசு இலவசம், அடுத்த நூறும் குறைந்த விலை, பில்லே முந்நூறு ரூபாய்க்குள் முடிந்துவிடுகிறது. அதை மிச்சம் பிடிக்க லட்சக்கணக்கில் போட்டால் பணம் திரும்பி வருவதற்குள் உங்கள் பேரனுக்குக் கல்யாணம் ஆகிவிடும். 500 யூனிட்டைத் தாண்டுகிற வீடுகளுக்குத்தான் இது உண்மையில் லாபம், ஏனென்றால் அங்கே ஸ்லாபே, அதாவது யூனிட்டுக்கான விலைப் படியே, மாறிவிடுகிறது, பத்து யூனிட் கூடியதற்குப் பில் சில நூறு ரூபாய் ஏறும். 520, 530 என்று ஓரத்தில் நிற்கிறவர்கள் பேனலுக்கு முன்னால் மின்விசிறியை மாற்றிப் பாருங்கள். பழைய மின்விசிறி 75 வாட் இழுக்கும், பிஎல்டிசி மின்விசிறி 30 வாட்டைச் சுற்றி. வருஷத்தில் பத்து மாதம் இராப்பகலாக மின்விசிறி ஓடுகிற ஊர் இது, மூன்று மின்விசிறி மாற்றினாலே 500க்குக் கீழே இறங்கிவிடலாம்.

சரி, போடுவது என்று முடிவாகிவிட்டது. கம்பெனிக்காரருக்குப் போன் செய்யாதீர்கள். முதலில் இ.பி. கார்டை எடுத்து யார் பெயர் இருக்கிறது என்று பாருங்கள்.

என் பெரியம்மா வீட்டில் இணைப்பு பெரியப்பா பெயரில் இருந்தது. அவர் போய்ப் பதினொரு வருஷம் ஆகிறது. பில் மட்டும் ஒழுங்காக அவர் பெயரில் வந்துகொண்டிருந்தது, இவர்களும் ஒழுங்காகக் கட்டிக்கொண்டிருந்தார்கள், யாருக்கும் ஒரு தொந்தரவும் இல்லை. சோலார் என்று ஆரம்பித்ததும் எல்லாம் கிளம்பிவிட்டது. விண்ணப்பம் மின் இணைப்பு யார் பெயரிலோ அவர் பெயரில்தான் போகும், மானியமும் அவர் வங்கிக் கணக்குக்குத்தான் வரும். இல்லாதவருக்குக் கணக்கு ஏது? 'அதெல்லாம் அப்புறம் பார்த்துக்கலாம்மா' என்று சொல்லிப் பணம் வாங்கிய ஏஜென்ட், பேனல் மாட்டியதும் போனை எடுப்பதை நிறுத்திவிட்டார். பெரியம்மா வாரிசுச் சான்றுக்கு இ-சேவை மையத்தில் பதிவு செய்து, கிராம நிர்வாக அலுவலர், வருவாய் ஆய்வாளர், தாலுகா ஆபீஸ் என்று அலைந்து, 'உங்க பெரிய பொண்ணு கையெழுத்து இல்லையே' என்று திருப்பி அனுப்பப்பட்டு, அந்தப் பெண் ஓசூரிலிருந்து லீவு போட்டு வந்து கையெழுத்துப் போட்டுப் போனாள். எழுபது வயசில் அந்தப் படிகளை ஏறி இறங்குவது எப்படி என்று, அந்த மேசைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்தவர் ஒரு தடவையாவது யோசித்திருந்தால் என்ன வேண்டும் என்பதை முதல் நாளே ஒரு காகிதத்தில் எழுதிக் கொடுத்திருப்பார்.

ஆகவே பெயர் மாற்றத்தை முதலில் முடியுங்கள். வாரிசுச் சான்று, சொத்து வரி ரசீது, பத்திரம், மற்ற வாரிசுகளின் சம்மதம், இவைதான் பெரும்பாலும் கேட்பார்கள். சொத்து வரியும் பழைய பெயரில் கிடந்தால் மாநகராட்சியில் அதையும் மாற்ற வேண்டியிருக்கும். இரண்டையும் ஒரே நேரத்தில் ஆரம்பித்துவிடுங்கள். ஒன்று முடியட்டும் என்று காத்திருந்தால் வருஷம் போய்விடும்.

இனி இனிஷியல். தமிழனுக்கென்றே வந்த தலைவலி இது. கார்டில் 'கே.முருகன்', ஆதாரில் 'முருகன் குப்புசாமி', பாஸ்புக்கில் 'முருகன் கே'. நமக்கு மூன்றும் ஒரே ஆள், கம்ப்யூட்டருக்கு மூன்று ஆள். பேனல் ஓட ஆரம்பித்த பிறகு மானியத்துக்கு வங்கி விவரம் கொடுக்கும் கட்டத்தில்தான் இது மாட்டும். அந்த நேரம் பார்த்து ஆதாரைத் திருத்தப் போனால் வரிசையில் நிற்க வேண்டியதுதான். கார்டும் பாஸ்புக்கும் ஒத்துப்போகிற மாதிரி எதைத் திருத்துவது சுலபமோ அதை இன்றைக்கே திருத்துங்கள். பெரும்பாலும் பாஸ்புக் சுலபம்.

வாடகைக்கு இருக்கிறவர்களுக்கு இந்தத் திட்டத்தில் இடமில்லை. மாடி உங்களுக்குச் சொந்தமாக இருக்க வேண்டும். கொசப்பேட்டை, சைதாப்பேட்டை மாதிரி நெருக்கமான தெருக்களில் அண்ணன் தம்பி பாகம் பிரித்த வீடுகள் நிறைய, கீழ்வீடு ஒருவருக்கு, மேல்வீடு ஒருவருக்கு, மொட்டை மாடி யாருக்கென்று பத்திரத்தில் ஒரு வரி இருக்காது. பேனல் மேலே ஏறியதும் 'என் பங்கு வெயில் எங்கே' என்று சண்டை வரும். முன்னாலேயே சம்மதக் கடிதம் எழுதி வாங்கிவிடுங்கள். கடை இணைப்புக்கு மானியம் கிடையாது. முன்பக்கம் மளிகைக் கடை, பின்பக்கம் குடித்தனம் என்றால் வீட்டு இணைப்பின் எண்ணில்தான் விண்ணப்பிக்க வேண்டும். ஏற்கெனவே ஒரு தடவை சோலார் மானியம் வாங்கிய வீட்டுக்கும் மறுபடி கிடையாது.

கம்பெனிக்காரரைப் பற்றி. திட்டத்தின் இணையதளத்தில் மாவட்ட வாரியாகப் பதிவு பெற்ற நிறுவனங்களின் பட்டியல் இருக்கிறது, அதிலிருந்துதான் எடுக்க வேண்டும், மூன்று பேரிடமாவது எழுத்தில் விலை வாங்குங்கள். பதிவை உங்கள் செல்போன் எண்ணிலேயே செய்யுங்கள். 'நானே பண்ணிக் கொடுத்துடறேன் சார்' என்று அவர் எண்ணில் செய்தால் ஓடிபி எல்லாம் அவருக்குத்தான் போகும், நாளைக்குச் சண்டை வந்து வேறு ஆளிடம் போக நினைத்தாலும் உங்கள் விண்ணப்பத்தை நீங்களே திறக்க முடியாது. 'மானியம் எங்களுக்கு வந்துவிடும், நீங்கள் மீதியைக் கட்டினால் போதும்' என்பவரிடமும், 'ஜீரோ ரூபாய்' என்று நோட்டீஸ் ஒட்டுகிறவரிடமும், வாட்ஸ்அப்பில் ஆப் அனுப்பி இறக்கிக்கொள்ளச் சொல்கிறவரிடமும் பேச்சை வளர்க்காதீர்கள்.

பில்லில் பார்க்க வேண்டிய மூன்று எழுத்து: டிசிஆர். பேனலும் அதற்குள் இருக்கிற செல்லும் இரண்டுமே இந்தியாவில் செய்ததாக இருந்தால்தான் மானியம். இறக்குமதி செல் போட்ட பேனல் விலை குறைவு, பார்வைக்கு ஒரே மாதிரி இருக்கும், அதை மாட்டிவிட்டால் ஒரு ரூபாய் வராது. ஒப்பந்தத்தில் 'டிசிஆர் பேனல்' என்றும் ஐந்து வருஷப் பராமரிப்பு என்றும் எழுதச் சொல்லுங்கள், பேனல் வந்து இறங்கியதும் சீரியல் எண்ணைப் போட்டோ எடுத்து வையுங்கள். முழுப் பணத்தையும் பேனல் ஏறிய அன்றே கொடுத்துவிடாதீர்கள். நெட் மீட்டர் (உள்ளே வருகிற மின்சாரத்தையும் பேனலிலிருந்து வெளியே போகிறதையும் கணக்கிடுகிற மீட்டர்) மாட்டி ஓடுகிற வரைக்கும் ஒரு தொகை உங்கள் கையில் இருந்தால்தான் அவர் இ.பி. ஆபீசுக்கு உங்களுக்காக நடப்பார்.

இ.பி. ஆபீஸ் என்றதும் நினைவுக்கு வருகிறது. பழைய வீடுகளில் அனுமதிக்கப்பட்ட மின்சுமை ஒரு கிலோவாட், ஒன்றரை கிலோவாட் என்று கிடக்கும். 3 கிலோவாட் சோலார் என்று போனால் 'முதல்ல லோடு ஏத்திட்டு வாங்க' என்பார்கள், அதற்குப் போனால் 'சோலார் விண்ணப்பம் எங்கே' என்பார்கள். இதில் விதி உங்கள் பக்கம் இருக்கிறது. மின் நுகர்வோர் உரிமை விதிகளை மத்திய அரசு 2024 பிப்ரவரியில் திருத்தியது. 10 கிலோவாட் வரைக்கும் சாத்தியக்கூறு ஆய்வு தேவையில்லை, விண்ணப்பத்தை ஏற்றுக்கொண்டதாகவே கருத வேண்டும், அதற்கு வேண்டிய சுமை உயர்வையும் பகிர்மான நிறுவனமே செய்துகொள்ள வேண்டும். 5 கிலோவாட் வரை லைனைப் பலப்படுத்த வேண்டியிருந்தால் அந்தச் செலவும் அவர்களுடையது. பேனல் போட்டு முடித்ததாகத் தெரிவித்த பிறகு 15 நாளுக்குள் மீட்டர் மாட்டி ஓடவிட வேண்டும். 'டிரான்ஸ்பார்மர் தாங்காது', 'மீட்டர் ஸ்டாக் இல்லை' என்று வாயால் சொன்னால் வாயால் பதில் சொல்லாதீர்கள். அதை எழுத்தில் கொடுங்கள் என்று கேளுங்கள். பெரும்பாலும் எழுத்து வராது, மீட்டர் வரும். பணம் கேட்டால் ரசீது கேளுங்கள்.

மீட்டர் வருவதற்குள் 'சும்மா ஓட்டிப் பார்க்கலாமே' என்று சுவிட்சைப் போட்டுவிடாதீர்கள். சில பழைய டிஜிட்டல் மீட்டர்கள் வெளியே போகிற மின்சாரத்தையும் நீங்கள் செலவழித்ததாகவே எண்ணும். சோலார் போட்ட மாதம் பில் இரட்டிப்பாகி வந்து நிற்கும், அதைத் திருத்த இன்னொரு அலைச்சல்.

கரண்ட் போனால் சோலார் ஓடுமா என்று எல்லோரும் கேட்கிறார்கள். ஓடாது. லைனில் வேலை செய்கிற ஆளுக்கு ஷாக் அடிக்கக் கூடாது என்பதற்காக இ.பி. கரண்ட் நின்றால் இந்த இன்வெர்ட்டரும் தானாக நின்றுவிடும். பேட்டரி இருந்தால்தான் தப்பலாம், அதற்குத் தனிச் செலவு. இதை விற்கிறவர் சொல்ல மாட்டார். பேனல் தெற்குப் பார்த்து இருக்கட்டும், தண்ணித் தொட்டி நிழலும் பக்கத்து வீட்டு மாடி நிழலும் விழாத இடமாகப் பாருங்கள், நம்ம போர் தண்ணியில் கழுவினால் வெள்ளையாக உப்புப் படியும், கழுவியதும் துடைத்துவிடுங்கள்.

கடன் வேண்டுமென்றால் 3 கிலோவாட் வரை இரண்டு லட்சம் வரைக்கும் அடமானம் இல்லாமல் குறைந்த வட்டிக்கு வங்கிகள் தர வேண்டும். 'எங்க பிராஞ்சில் அந்தத் திட்டம் இல்லையே' என்று சொன்னால் வாதாடாமல் வீட்டுக்கு வந்து ஜன் சமர்த் என்கிற அரசாங்கக் கடன் விண்ணப்பத் தளத்தில் விண்ணப்பியுங்கள். அங்கே போட்டால் பதிவு இருக்கும், கிளையில் வாயால் கேட்டதற்குப் பதிவே இருக்காது. கடனோடு இன்ஷூரன்ஸ் பாலிசியும் சேர்த்து எடுக்கச் சொன்னால் அது திட்டத்தில் இல்லை.

எல்லாம் முடிந்து, ஆய்வு முடிந்து, சூர்ய கர் தளத்தில் சான்றும் வந்த பிறகு வங்கி விவரம் கொடுக்க மறந்துவிடுகிறவர்கள் இருக்கிறார்கள். தானாக வரும் என்று காத்திருக்கிறார்கள். வராது. நீங்கள் உள்ளே போய்க் கேன்சல் செய்த காசோலையோடு கொடுக்க வேண்டும். கொடுத்தால் 30 நாளுக்குள் என்பது கணக்கு. தாண்டினால் திட்டத்தின் உதவி எண் 15555க்குப் பேசுங்கள். மீட்டர் விவகாரத்துக்கு இ.பி.யின் புகார் மையமான மின்னகம், 94987 94987, புகார் எண்ணை மறக்காமல் எழுதிக்கொள்ளுங்கள். அதிலும் நகரவில்லை என்றால் மின் நுகர்வோர் குறைதீர் மன்றத்தில் மனு. அதோடு பத்து ரூபாயில் ஒரு தகவல் உரிமை மனுவும் போடுங்கள்: என் விண்ணப்பம் எந்தத் தேதியில் யார் மேசைக்குப் போனது, இன்றைக்கு யாரிடம் இருக்கிறது. இரண்டே கேள்வி போதும். திங்கட்கிழமை சத்துவாச்சாரி கலெக்டர் ஆபீஸ் குறைதீர் கூட்டமும் இருக்கிறது, காலையிலேயே போய்விடுங்கள், மனுவின் நகலில் முத்திரை வாங்காமல் திரும்பாதீர்கள்.

பெரியம்மா வீட்டில் பெயர் மாற்றம் போன மாதம் முடிந்தது. விண்ணப்பத்தை மறுபடி முதலிலிருந்து, இந்தத் தடவை அவர் செல்போன் எண்ணில் போட்டிருக்கிறோம். பேனல் மாடியில்தான் இருக்கிறது, சுவிட்ச் இன்னும் போடவில்லை. அதன் கீழே வடாம் காயப் போடுகிறார், பேனல் நிழலில் ஒழுங்காகக் காயமாட்டேன் என்கிறதாம்.