நியூரோபதி என்பது நரம்புத் தளர்ச்சி அன்று

கைகால் போன்ற இடங்களுக்குச் செல்லும் நரம்புகள் கெட்டு மரமரப்பும் எரிச்சலும் வரும் நோயை மருத்துவர் சீட்டில் ‘பெரிபெரல் நியூரோபதி’ என்று எழுதித் தருவதை, நாளிதழ்களின் நலவாழ்வு இணைப்புகளும் மருத்துவக் காணொளிகளின் தலைப்புகளும் ‘நரம்புத் தளர்ச்சி’ என்றே ஓயாமல் மொழிபெயர்த்துக்கொண்டிருக்கின்றன. சற்றுக் கவனமானவர்கள் முன்னால் ஒரு ‘புற’ சேர்த்துப் ‘புற நரம்புத் தளர்ச்சி’ என்கிறார்கள். அதனால் பிழை திருந்தவில்லை, நீண்டிருக்கிறது.

சொற்பிறப்பைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். ‘நியூரான்’ என்ற கிரேக்கச் சொல் முதலில் தசைநாணையும் வில் நாணையும்தான் குறித்தது. மூளையிலிருந்து உடலெங்கும் செல்லும் இழை என்ற பொருள் பின்னால் வந்தது. தமிழ் ‘நரம்பு’ம் யாழில் கட்டிய நரம்பாக இருந்து வந்த சொல்தான். புறநானூற்றின் 278ஆம் பாட்டில் முதியவளின் தோளில் ‘நரம்பெழுந்து உலறிய’ என்று வருவது, தோலுக்கு மேல் புடைத்துத் தெரிவதைச் சொல்கிறது. இன்றும் ‘நரம்பில் ஊசி போட்டார்கள்’ என்று நாம் சொல்வது சிரையைத்தான். ‘பதோஸ்’ என்பது ஒருவர் படும் துன்பம். நம் ‘நோய்’ என்ற சொல்லும் நோதல் என்ற வினையிலிருந்து பிறந்ததே. ஆகையால் ‘பதி’ என்ற ஈற்றுக்கு நோயைவிடப் பொருத்தமான சொல்லைத் தேடி அலைய வேண்டியதில்லை. ‘பெரிபெரல்’ என்பது மையத்துக்கு வெளியே உள்ளது. இங்கே மையம் மூளையும் தண்டுவடமும்.

‘தளர்ச்சி’க்கு வருவோம். அமெரிக்க மருத்துவர் ஜார்ஜ் பியர்ட் 1869இல் ‘நியூராஸ்தீனியா’ என்றொரு நோயைப் பற்றி எழுதிப் பரப்பினார். களைப்பு, தூக்கமின்மை, தலைவலி, மனச்சோர்வு என எல்லாவற்றையும் அடக்கிக்கொண்ட மூட்டை அது. ‘அஸ்தீனியா’ என்றால் வலுவின்மை. ஆகவே நரம்புத் தளர்ச்சி என்பது அந்தச் சொல்லுக்குத்தான் நேரான தமிழ். உலகின் பெரும்பகுதி மருத்துவர்கள் அந்த நோய்ப்பெயரைக் கைவிட்டுவிட்டார்கள். நம் ஊரிலோ அது பேருந்து நிலையச் சுவர்களில், லாட்ஜில் மாதம் ஒரு நாள் தங்கி மருத்துவம் பார்ப்பவர்களின் சுவரொட்டிகளில், ‘ஆண்மைக்குறைவு’ என்ற சொல்லுக்குப் பக்கத்தில் குடியேறிவிட்டது. அந்தச் சுவரொட்டியை ஒரு முறையாவது படித்த எவருக்கும் நரம்புத் தளர்ச்சி என்றால் என்ன நினைவு வரும் என்பதை விளக்கத் தேவையில்லை. புற்றுநோய்க்கு வின்கிறிஸ்டின் மருந்து ஏற்றிக்கொண்டதால் விரல் நுனிகள் மரத்துப்போன ஒரு பெண்ணிடம் ‘உங்களுக்கு நரம்புத் தளர்ச்சி’ என்று தமிழில் எழுதிக் கொடுப்பது, தவறான தகவலைத் தருவதோடு அவரை வெட்கப்படவும் வைக்கிறது.

அதைவிடப் பெரிய கேடு, இந்தச் சொல் தன் கையோடு ஒரு மருந்தையும் கொண்டுவருவது. தளர்ந்தது என்றால் வலுவூட்ட வேண்டும். வலுவூட்ட வேண்டுமென்றால் சத்து ஊசி, சத்து மாத்திரை. ஆகையால் மருந்துக்கடையில் தாமே கேட்டு வாங்கி மாதக்கணக்கில் விழுங்குகிறார்கள். அந்தக் கலவை மாத்திரைகளில் பெரும்பாலும் வைட்டமின் பி6 இருக்கும். பி6 குறைந்தாலும் நரம்பு கெடும். மிகுந்த அளவில் நெடுநாள் உட்கொண்டாலும் உணர்ச்சி நரம்புகள் கெடும் என்பது 1983 முதல் மருத்துவ நூல்களில் இருக்கும் செய்தி. கால் மரத்துப்போவதற்குத் தின்ற மாத்திரையாலேயே கால் மேலும் மரத்துப்போகும் கூத்துக்குத் ‘தளர்ச்சி’ என்ற ஒரு சொல் வழி திறந்துவிடுகிறது.

நோய் என்று சொன்னால் அடுத்த கேள்வி தானாக வரும்: எதனால்? நியூரோபதியில் கேட்க வேண்டிய முதல் கேள்வியும் அதுவே. அது தனி நோயன்று, பல நோய்கள் வந்து சேரும் துறை. சர்க்கரை நோய் அவற்றில் முதலிடம் பெறுகிறது. அடுத்து மது, சிறுநீரகச் செயலிழப்பு, தைராய்டு குறைவு, பி12 குறைவு. இந்தக் கடைசிக் காரணம் பால்கூட அருந்தாத மரக்கறி உணவினருக்கும், சர்க்கரைக்காக ஆண்டுக்கணக்கில் மெட்ஃபார்மின் உண்பவர்களுக்கும் வரலாம். அதனால் சர்க்கரை நோயாளியின் கால் எரிச்சலுக்குச் சர்க்கரைதான் காரணம் என்று பார்க்காமலே முடிவுகட்டுவது பிழை. காசநோய்க்குத் தரும் ஐசோனியாசிட் உடலில் பி6ஐக் குறைத்து நரம்பைக் கெடுக்கும்; அதனால்தான் அதனுடன் சிறு அளவில் பி6 சேர்த்துத் தருகிறார்கள். ஈயம், ஆர்செனிக் போன்ற நஞ்சுகளும், பரம்பரையாக வருபவையும், உடலின் எதிர்ப்பாற்றல் தன் நரம்பையே தாக்கும் கியான்-பாரே நோயும் இந்த வரிசையில் சேரும். 1890களில் சாவகத்தில் (ஜாவா) டச்சு மருத்துவர் கிறிஸ்டியான் எய்க்மான், தீட்டிய அரிசியை மட்டும் தின்ற கோழிகளின் கால்கள் துவண்டுபோனதைக் கண்டார். பி1 குறைவால் வரும் பெரிபெரி நோயைப் புரிந்துகொள்ளும் வழி அங்கிருந்துதான் திறந்தது. நம் புழுங்கலரிசியில் பி1 ஓரளவு தங்கிவிடுகிறது.

தொழுநோயைத் தனியே சொல்ல வேண்டும். அதன் கிருமி நரம்பின் உறைச் செல்களுக்குள்ளேயே புகுந்து வாழ்கிறது. 1946இல் வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்த அறுவை மருத்துவர் பால் பிராண்ட், தொழுநோயாளியின் விரல்கள் அழுகி விழுவதில்லை, வலி தெரியாத கையில் சூடும் வெட்டும் பட்டுப் பட்டுத்தான் தேய்கின்றன என்று காட்டினார். நரம்பு தளர்ந்ததா? இல்லை, செய்தி வருவது நின்றது. இந்த நோயைப் பற்றி நம் நலவாழ்வுத் துறை சுவரில் எழுதிய ‘உணர்ச்சியற்ற தேமல்’ என்ற இரண்டு சொற்களை இன்றைய மொழிபெயர்ப்பாளர்கள் எழுதி வைத்துப் பார்க்கலாம். கலைச்சொல் எதுவும் இல்லை. படித்தவரும் படிக்காதவரும் தம் உடம்பில் தேடிப் பார்க்கத் தெரிந்துகொண்டார்கள்.

தளர்ச்சியை விட்டவர்கள் வேறு பள்ளங்களில் விழுகிறார்கள். ‘புற நரம்பியல்’ என்று எழுதுகிறவர்கள் இருக்கிறார்கள். இயல் என்பது கல்வித்துறை. எவருக்கும் நரம்பியல் வராது, நரம்பியல் மருத்துவரிடம் போக வேண்டிய நோய்தான் வரும். ‘நரம்பு அழற்சி’ நல்ல சொல், ஆனால் அது ‘நியூரைட்டிஸ்’ என்பதற்குரியது; சர்க்கரையாலோ சத்துக் குறைவாலோ வருவதை அழற்சி என்பது பொருந்தாது.

‘நரம்புச் சிதைவு’ என்பதோடு எனக்கு நீண்ட வழக்கு உண்டு. தனித்தமிழ் ஆர்வலர்கள் பலர் இதை விரும்புகிறார்கள். ஓசையும் கம்பீரமாக இருக்கிறது. ஆனால் சிதைவு என்பது நரம்புக்கு நேரக்கூடிய கேடுகளில் ஒன்றுக்கு மட்டுமே பெயர். ஆகஸ்டஸ் வாலர் 1850இல் தவளையின் நாக்கு நரம்புகளை வெட்டி, வெட்டுக்கு அப்பால் உள்ள இழை சிதைவதை விவரித்தார், அது சிதைவு. உறை மட்டும் கெட்டு உள்ளிழை நலமாக இருக்கும் நிலையும் உண்டு; அதில் உறை மீண்டும் உருவாகிச் சில வாரங்களிலோ மாதங்களிலோ நரம்பு வேலை செய்யத் தொடங்கலாம். ஹெர்பர்ட் செடன் 1943இல் நரம்புக் காயங்களை மூன்றாகப் பிரித்ததும் இதற்காகத்தான்: கடத்தல் மட்டும் நின்றது, உறைக்குழாய் இருக்க உள்ளிழை அறுந்தது, முழுதும் அறுந்தது. முதலாவதற்குப் போய்ச் சிதைவு என்று பெயரிட்டால், மூன்று மாதத்தில் எழுந்து நடக்கக்கூடியவரைப் படுக்கையில் நம்பிக்கையிழக்க வைக்கிறோம்.

மீள்வதைப் பற்றி எழுதும்போதும் இதே குழப்பம். ‘நரம்பு புத்துயிர் பெறும்’ என்பது விளம்பர மொழி. இழை மறுபடி வளர்வதும், அதனால் கால் மறுபடி உணர்வதும் வெவ்வேறு. முன்னதை மறுவளர்ச்சி என்றும் பின்னதை மீட்சி என்றும் பிரித்து எழுத வேண்டும். முதலாவது நடந்தும் இரண்டாவது நடக்காமல் போவதுண்டு. மறுவளர்ச்சியின் வேகம் நாளொன்றுக்கு ஏறத்தாழ 1 மில்லிமீட்டர். கீழ்முதுகிலிருந்து கால்விரல் வரையிலான இழையின் நீளமோ ஏறத்தாழ 1 மீட்டர். இழை போய்ச் சேருவதற்குள், ஒன்றரை ஆண்டுக்கு மேல் தொடர்பற்றுக் கிடந்த தசை அதை ஏற்கும் நிலையை இழந்துவிடக்கூடும். முதுகுத்தண்டருகே உள்ள செல்லே மடிந்துவிட்டால் வளர எதுவும் இல்லை. பி12 குறைவைத் தொடக்கத்திலேயே சரிசெய்தால் நல்ல மீட்சி கிட்டும். கியான்-பாரே நோயாளிகளில் பெரும்பாலோர் தேறுகிறார்கள். மதுவை விட்டவர்களுக்கு ஓரளவு குறைகிறது. சர்க்கரையால் வந்ததில் பெரும்பாலும் மேலும் கெடாமல் தடுப்பதே இலக்கு. முதல் வகைச் சர்க்கரை நோயாளிகளைக் கொண்டு அமெரிக்காவிலும் கனடாவிலும் நடந்து 1993இல் முடிவு வெளியான பெரிய ஆய்வில், கண்டிப்பான சர்க்கரைக் கட்டுப்பாடு நரம்புநோய் வருவதை ஏறத்தாழ 60 விழுக்காடு குறைத்தது. இரண்டாம் வகையில் பயன் அந்த அளவு இல்லை. சிஸ்பிளாட்டின் என்ற புற்றுநோய் மருந்தில் இன்னொரு விந்தை உண்டு: நிறுத்திய பிறகும் சில மாதங்கள் மரமரப்பு கூடிக்கொண்டே போகலாம், இதை முன்பே சொல்லாவிட்டால் நோயாளி பதறிப்போவார்.

அறிகுறிகளின் மொழிபெயர்ப்பைப் பார்த்தால் இன்னும் வேதனை. ‘கைகால்களில் கூச்ச உணர்வு’ என்று எழுதுகிறார்கள். கூச்சம் பல்லுக்கு வரும், புதியவர் முன் பேசுவதற்கு வரும்; இங்கே வருவது குறுகுறுப்பு, சுரீரென்ற குத்தல், எறும்பு ஊர்வது போன்ற உணர்வு. செருப்பு கழன்றதுகூடத் தெரியாமல் நடந்து வந்துவிட்டேன் என்று நோயாளிகள் தெளிவாகத்தான் சொல்கிறார்கள். தமிழகத்தார் மரத்துப்போனது என்பதை ஈழத்தார் விறைத்துப்போனது என்பார்கள்; இரு நாட்டாருக்கும் எழுதுகிறவர் இரண்டையும் போட வேண்டும்.

ஆகவே நான் எழுதுவது ‘புறநரம்பு நோய்’. ‘புற’ என்பது தோலோரத்தைக் குறிப்பதாகத் தோன்றலாம் என்ற மறுப்பு நியாயமானது. தொடைக்குள் ஆழத்தில் ஓடும் பெருநரம்பும் புறநரம்புதான். ஆனால் அதற்கு மாற்றாகச் சொல்லப்படும் ‘கிளை நரம்பு’, ஒரு நரம்பிலிருந்து பிரியும் கிளைக்கு உடற்கூற்றியலில் தேவைப்படும் சொல்; அதைப் பறித்தால் அங்கே பஞ்சம் வரும். மூளைக்கும் தண்டுவடத்துக்கும் புறம்பானது என்று ஒரு முறை விளக்கினால் போதும்.

இந்தப் பெயரைத் தனியே விடாமல் காரணத்தையும் சேர்த்தே எழுத வேண்டும்: ‘பி12 குறைவால் வந்த புறநரம்பு நோய்’, ‘மருந்தால் வந்த புறநரம்பு நோய்’. எல்லாச் சோதனையும் செய்த பிறகும் காரணம் அகப்படாத நோயாளிகள் கணிசமாக உண்டு. மருத்துவர்கள் ‘இடியோபதிக்’ என்று எழுதும் அதைத் ‘தானாக வரும்’ என்று மொழிபெயர்க்கக் கூடாது, ‘காரணம் இன்னும் காணப்படாத’ என்றுதான் எழுத வேண்டும். ஏனெனில் அவர்களில் சிலருக்குப் பின்னொரு நாள் பரம்பரைக் கோளாறோ, தொடக்கநிலைச் சர்க்கரையோ கண்டுபிடிக்கப்படுகிறது.