ஃப்ளெக்ஸில் யூனிட் நம்பர் எதற்கு?

போன ஞாயிற்றுக்கிழமை காவேரிப்பட்டணம் பக்கம் ஒரு காதுகுத்து. மண்டப வாசலில் பத்தடி ஃப்ளெக்ஸ். குழந்தையின் தாய்மாமன் சீருடையில் விறைப்பாக நிற்கிறான். கீழே பெயர், ரேங்க், ரெஜிமென்ட், எத்தனையாவது பட்டாலியன், இப்போது எங்கே போஸ்டிங் எல்லாம் மஞ்சள் எழுத்தில். இந்த வருஷம் நான் பார்க்கும் நாலாவது பேனர் இது. அந்தச் சீருடைப் பையனின் அப்பா எனக்கு மச்சான் முறை. ஓரமாகக் கூப்பிட்டு, பட்டாலியன், போஸ்டிங் விவரத்தை எடுத்துவிடச் சொன்னேன். "இதுல என்ன மச்சான் ரகசியம்? என் பையன் என்ன ஜெனரலா?" என்று சிரித்துவிட்டுப் பந்தியைக் கவனிக்கப் போய்விட்டார்.

ராணுவப் புலனாய்வில் இருபத்திரண்டு வருஷம் இருந்தவன் நான். பாதிக்கு மேல் மேஜை வேலை. கேட்டுக் கேட்டுச் சலித்த கேள்வி இதுதான்: "எங்க கிட்ட என்ன ரகசியம் இருக்கு?"

உங்களிடம் ரகசியம் இல்லை, சரி. யாரும் அதைத் தேடி வரவும் இல்லை. பீரோவை உடைத்து ஃபைல் திருடுவது சினிமாவுக்குச் சரி. சாட்டிலைட், ஒட்டுக்கேட்பு எல்லாம் நீங்களே அறிந்தவை, விடுங்கள். எங்கள் மேஜைக்கு வந்ததில் பெரும்பாலானவை சில்லறைத் துணுக்குகள். தனியாகப் பார்த்தால் எதற்கும் உதவாது. எதிர்ப்பக்கம் எந்தப் படைப்பிரிவு எங்கே இருக்கிறது, எப்போது மாறுகிறது என்று ஒரு பட்டியல் வைத்திருப்போம். ஆர்பாட் என்போம். அதில் ஒரு காலியிடம் நிரம்பினாலே அன்றைய சம்பளத்துக்குப் போதும். அந்தப் பக்கத்திலும் இதே போல ஒரு மேஜை இருக்கிறது.

அங்கே உட்கார்ந்திருப்பவனாக நினைத்துப் பாருங்கள். பென்னாகரத்தில் ஒரு மனைவி 'லீவு கேன்சல்' என்று அழுகை பொம்மையோடு பதிவு போடுகிறாள். ஊத்தங்கரைப் பையன் ஜோலார்பேட்டை பிளாட்பாரத்தில் மூட்டை முடிச்சோடு செல்ஃபி எடுத்துப் போடுகிறான். பாலக்கோட்டில் ஓர் அம்மா, மகன் புதுக் குளிர் ஜாக்கெட்டோடு அனுப்பிய படத்தைப் பகிர்கிறாள். மூன்றும் ஒரே வாரம். மூன்று வீடுகளுக்கும் தொடர்பில்லை, அவர்கள் மகன்களின் பட்டாலியன் ஒன்று என்று யாராவது காட்டிக்கொடுக்கும் வரை. அதைத்தான் ஃப்ளெக்ஸ் செய்கிறது. மண்டபத்தில் எடுத்த படத்தை யாரோ ஒரு சித்தப்பா ஃபேஸ்புக்கில் ஏற்றியிருப்பார். முழு பட்டாலியனும் மலைக்கு ஏறுகிறது என்று யூகிக்க இதற்கு மேல் என்ன வேண்டும்?

வந்த செய்தியை அப்படியே நம்பிவிடவும் மாட்டார்கள். பல ராணுவங்களில், செய்தி தந்த ஆளை எவ்வளவு நம்பலாம் என்று ஏ முதல் எஃப் வரை, செய்தியை எவ்வளவு நம்பலாம் என்று 1 முதல் 6 வரை மதிப்பெண் உண்டு. காசுக்குச் சொல்கிற ஆளைச் சந்தேகத்தோடுதான் பார்ப்போம். பெற்ற அம்மா ஆசையாகப் போட்ட ஸ்டேட்டஸ்? மேலேதான் வைப்பேன்.

2017 நவம்பரில் ஸ்ட்ராவா என்ற ஓட்டப்பயிற்சி ஆப், தன் பயனாளிகள் ஓடிய தடங்களை உலக வரைபடமாக வெளியிட்டது. இரண்டு மாதம் கழித்து ஓர் ஆஸ்திரேலிய மாணவர் அதைப் பார்த்துச் சொன்னார்: சிரியா, ஆப்கானிஸ்தான் பாலைவனத்தில் ராணுவ முகாம்களின் உருவம் பளிச்சென்று தெரிகிறது. சிப்பாய்கள் காலையில் ஓடியது, அவ்வளவுதான். 2020 ஜூலையில் நம் ராணுவம் ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராம் உட்பட 89 ஆப்களை நீக்கச் சொன்னதும் வீம்புக்கு இல்லை. ஆனால் அந்த உத்தரவு மகனின் போனுக்கு. அப்பாவின் போனுக்கு யார் உத்தரவு போடுவது?

நல்ல பக்கமும் உண்டு. 1999 மே மாதம் கார்கிலில் ஊடுருவலை முதலில் பார்த்துச் சொன்னவர்கள் கால்நடை மேய்ப்பவர்கள். சாதாரண ஆளின் கண்ணுக்கு அத்தனை மதிப்பு. நம் ஜில்லாவே இந்த வேலையைப் பார்த்த ஊர். 1792-ல் பாரமகால், அதாவது நம் கிருஷ்ணகிரி, தருமபுரி வட்டாரம், கிழக்கிந்தியக் கம்பெனி கைக்கு வந்ததும் ஆட்சியராக வந்த அலெக்சாண்டர் ரீட் அதற்கு முன் உளவுத்துறையில் இருந்தவர். அவருக்கு உதவியாளராகத் தருமபுரியில் இருந்த தாமஸ் மன்றோவும் 1788-ல் அவருக்குக் கீழே அதே வேலைதான் பார்த்தார். படைக்கு வேண்டிய எருதும் தானியமும் எந்தப் பக்கம் சேர்கின்றன என்று கவனித்தாலே படை போகும் திசை பாதி தெரிந்துவிடும் காலம் அது. எருதுக்குப் பதில் இன்று ரயில் டிக்கெட்.

ஆகவே, டிக்கெட்டைப் படம் எடுத்துப் போடாதீர்கள். 'மகன் கிளம்பிட்டான்' என்று எழுதாதீர்கள். அவன் வந்து போன பிறகு எழுதினால் பாசம் குறைந்துவிடாது. "ரெக்கார்ட் ஆபீஸிலிருந்து பேசுகிறோம், உங்க பையன் இப்போ எங்கே?" என்று போன் வந்தால் வைத்துவிடுங்கள். சிப்பாய்களின் பணி விவரத்தை வைத்திருக்கும் ரெக்கார்ட் ஆபீஸுக்குத் தெரியாததா உங்களுக்குத் தெரியப்போகிறது? முகம் தெரியாத பெண் பையனுக்கு நட்பு அழைப்பு அனுப்பினால், உன் அழகில் மயங்கித்தான் என்று நினைக்காதே தம்பி.

மச்சான் வீட்டில் தை மாதம் கல்யாணம். பேனர் கண்டிப்பாக வைப்பார். பையன் சீருடையில் நிற்கட்டும், மீசையைக்கூடக் கொஞ்சம் பெரிதாக்கச் சொல்லுங்கள். கீழே 'இந்திய ராணுவம்' என்று மட்டும் போட்டால் போதும் மச்சான். டிசைன் பண்ணுகிற பையனிடம் நானே வந்து சொல்கிறேன்.