ஆர்த்ரோபிளாஸ்டி: முழங்கை மூட்டு மாற்று

'ஆர்த்ரோபிளாஸ்டி' என்ற மருத்துவச் சொல்லைத் தமிழில் எப்படிச் சொல்வது? கிரேக்க மொழியில் 'ஆர்த்ரோன்' என்றால் மூட்டு. 'பிளாஸ்டி' என்ற பின்பாதி, உருக்கொடுப்பதைக் குறிக்கும் வினையிலிருந்து வந்தது. பிளாஸ்டிக்குக்கும் அதே வேர்தான். செயற்கை மூட்டுகள் வருவதற்கு முன், கெட்டுப்போன எலும்பு முனைகளைச் செதுக்கி, நடுவே நோயாளியின் தசையுறையையே வைத்துத் தைத்ததற்கும் இதுதான் பெயர். அதனால் பொதுச்சொல்லாக 'மூட்டுச் சீரமைப்பு' பொருந்தும். உலோகமும் பாலிஎத்திலீன் என்ற பிளாஸ்டிக்கும் உள்ளே போகிறது என்றால் 'மூட்டு மாற்று' என்பதே தெளிவு.

'டோட்டல் எல்போ ஆர்த்ரோபிளாஸ்டி' என்பது முழங்கை மூட்டு முழுமாற்று. முழங்கையைச் சேர்த்தே சொல்ல வேண்டும். வெறுமனே மூட்டு மாற்று என்றால் நம் ஊரில் எல்லோருக்கும் முழங்கால்தான் நினைவுக்கு வரும். (முழங்கையிலிருந்து நடுவிரல் நுனிவரை ஒரு முழம். லத்தீனிலும் 'கூபிட்டும்' என்ற ஒரே சொல் முழங்கைக்கும் அந்த அளவைக்கும் பொது.)

முழங்கையில் எலும்பு முறிந்தாலும் இதைச் செய்வதுண்டு. எலும்பு முறிவுக்கு எதற்கு மூட்டையே மாற்றுவது? எலும்புப்புரை (எலும்பு பலமிழந்து எளிதில் முறியும் நோய்) உள்ள முதியவர் கை ஊன்றி விழும்போது, மேற்கை எலும்பின் கீழ்முனை சில்லுசில்லாக நொறுங்கிப் போகலாம். பிளேட் வைத்து ஸ்க்ரூ போட்டாலும் பிடிமானம் இருக்காது. மாதக்கணக்கில் கட்டுப்போட்டு வைத்தால் முழங்கை விறைத்துவிடும். 2009இல் வெளியான ஒரு கனடா ஆய்வில், இப்படி முறிவு ஏற்பட்ட, 65 வயதுக்கு மேற்பட்ட 42 பேரை இரு குழுக்களாகப் பிரித்தார்கள்: ஒன்றுக்கு பிளேட், மற்றதற்கு மூட்டு மாற்று. பிளேட் போட வேண்டிய குழுவில் 5 பேருக்கு, எலும்பைச் சேர்த்து நிறுத்த முடியாமல், அறுவை மேசையிலேயே மூட்டு மாற்றுக்குப் போக வேண்டியதாயிற்று.

'மாற்று' என்ற சொல் கொஞ்சம் அதிகமாக நம்பிக்கை கொடுத்துவிடும். சாப்பிட, தலைவார, சட்டை மாட்ட இந்தக் கை போதும். ஆனால் சுமார் 5 கிலோவுக்கு மேல் அந்தக் கையால் ஆயுளுக்கும் தூக்கக் கூடாது என்பார்கள். அடிக்கடி தூக்குவதென்றால் வரம்பு ஒரு கிலோ அளவுதான். மீறினால் செயற்கை மூட்டு தளர்ந்துவிடும். தண்ணீர்க்குடம் எல்லாம் இனி அடுத்த கைக்குத்தான்.

அப்புறம், 'ஹெமி ஆர்த்ரோபிளாஸ்டி'. ஹெமி என்றால் பாதி. மேற்கை எலும்பின் முனையை மட்டும் மாற்றி, முன்கை எலும்புகளை அப்படியே விடும் முறை இது. 'அரை மாற்று' என்றால் வேலையைப் பாதியில் விட்டதுபோல் ஒலிக்கிறது. 'ஒருபக்க மூட்டு மாற்று' என்றால் செய்வது என்னவென்று சொல்லிலேயே புரியும்.