மாஸ்க்: முகமூடியா, மறைப்பா?

செயற்கைக்கோள் படங்களை ஆராயும் மென்பொருள்களில், படத்தின் எந்தப் பகுதியைக் கணக்கில் எடுப்பது, எதை விடுவது என்று குறிக்கும் ‘மாஸ்க்’ என்றொரு கருவி உண்டு. நெல்லைச் சீமைக் குளங்களில் எவ்வளவு பரப்பில் நீர் நிற்கிறது, பிசானப் பருவ நெல் நடவு எந்தக் கால்வாய் வரை முடிந்திருக்கிறது என்று படத்தை வைத்துக் கணக்கெடுக்க முனைபவர்களுக்கு இது முதல் நாளே தேவைப்படும். தமிழில் எழுதும்போது பலர் இதை ‘முகமூடி’ என்று பெயர்த்துவிடுகிறார்கள். அந்தச் சொல் இங்கே ஒட்டவில்லை என்பது என் உறுதியான கருத்து.

ஆங்கிலத்துக்கு ‘மாஸ்க்’ 16-ஆம் நூற்றாண்டில் பிரெஞ்சு வழியாக வந்தது. பிரெஞ்சு அதை இத்தாலிய ‘மாஸ்கெரா’விலிருந்து பெற்றது. அங்கே அது கூத்திலும் விழாவிலும் அணியும் முகமூடியேதான். பின்னர் ஒளிப்படத் துறையினரும் அச்சகத்தாரும் ஒளி விழக் கூடாத இடத்தை மூடும் தாளையும் படலத்தையும் அதே பெயரால் அழைத்தார்கள். கணினித் துறையில் பொருள் மேலும் நகர்ந்தது. ஓர் எண்ணின் எந்த இருமங்களை (பிட்) பார்ப்பது, எவற்றை விடுவது என்று சொல்லும் 1, 0 வரிசைக்கும் அதுவே பெயரானது. செயற்கைக்கோள் படத்தின் மாஸ்க்கில் முகம் எதுவும் மிஞ்சவில்லை. ஒவ்வொரு பிக்சலுக்கும் ‘ஆம்’ அல்லது ‘இல்லை’ என்ற விடை மட்டும் இருக்கிறது.

‘பிக்சல்’ படத்தின் மிகச் சிறிய கூறு. அச்சில் அந்தச் சொல் முதலில் வந்தது 1965-இல், விண்கலங்கள் அனுப்பிய நிலவு, செவ்வாய்ப் படங்களைப் பற்றிய கட்டுரைகளில். தமிழில் படப்புள்ளி, படவணு என இரண்டும் வழங்குகின்றன. புள்ளிக்குப் பரப்பு கிடையாது. சென்டினல்-2 என்ற ஐரோப்பியச் செயற்கைக்கோளின் மிக நுண்ணிய படத்தில் ஒரு பிக்சலோ தரையில் 10 மீட்டருக்கு 10 மீட்டர். ஆகவே எனக்குப் படவணுதான் பிடிக்கும்.

அரிசி ஆலையில் சாக்கின் மேல் பெயர் அச்சிட ஒரு வெட்டுத்தகடு வைத்திருப்பார்கள். தகடு இருக்கும் இடத்தில் மை படாது, வெட்டிய இடத்தில் படும். மாஸ்க்கின் வேலையும் இவ்வளவே. சாக்குக்கு ஒன்றும் ஆவதில்லை. தகட்டை எடுத்தால் முழுச் சாக்கும் அப்படியே இருக்கும். மென்பொருளிலும் மூடப்பட்ட படவணுவின் மதிப்பு அழிவதில்லை, கணக்கில் சேராமல் நிற்கிறது. அழித்தல் வேறு, மறைத்தல் வேறு என்று ஐந்தொழிலில் தனித்தனியாக வைத்த மொழி நம்முடையது. ‘மறைப்பு’ என்ற சொல்லை நான் பரிந்துரைப்பது அதனால்தான்: படவணு மறைப்பு. ‘திரை’ என்றும் சொல்லலாம். ஆனால் கணினித்திரையோடு குழம்பும்.

மறைப்பை மூன்று வழிகளில் உருவாக்கலாம். ஐரோப்பிய விண்வெளி முகமை இலவசமாகத் தரும் ‘ஸ்நாப்’ மென்பொருளில் மாஸ்க் மேனேஜர் என்ற பலகம் இருக்கிறது. அதில் படத்தின் மேல் கோடு வரைந்து எல்லை குறிக்கலாம், ஒரு பட்டையின் (குறிப்பிட்ட ஒளி அலைநீளத்தில் பதிந்த படத்தின்) மதிப்பு எதிலிருந்து எதுவரை என்று வரம்பு கொடுக்கலாம், சூத்திரமாகவும் எழுதலாம். நீருக்கான சூத்திரத்தை மெக்ஃபீட்டர்ஸ் என்ற ஆய்வாளர் 1996-இல் வெளியிட்டார். பச்சைப் பட்டையிலிருந்து அண்மை அகச்சிவப்புப் பட்டையைக் கழித்து, இரண்டின் கூட்டுத்தொகையால் வகுக்க வேண்டும். நீர் பெரும்பாலும் 0-க்கு மேல் வரும். பிறகு மறைப்புகளைச் சேர்க்கலாம், பொதுவானதை மட்டும் எடுக்கலாம், ஒன்றிலிருந்து இன்னொன்றைக் கழிக்கலாம், தலைகீழாக்கலாம். நிறமும் பெயரும் இடலாம்.

பெயரிடும் இடத்தில்தான் எச்சரிக்கை தேவை. ‘மேக மாஸ்க்’ என்றால் தள்ளவேண்டிய படவணுக்கள். ‘நீர் மாஸ்க்’ என்றால் வைத்துக்கொள்ளவேண்டியவை. ஒரே சொல் எதிரெதிரான இரண்டு வேலைகளைச் செய்கிறது. தமிழில் இதை முதலிலேயே பிரித்துவிடலாம்: மேக நீக்க மறைப்பு, நீர்த் தெரிவு மறைப்பு. பெயர் நீளும்தான். ஆனால் ஆறு மாதம் கழித்துக் கோப்பைத் திறப்பவருக்கு அந்த நீளம் உதவும்.

நெல்லைப் பக்கத்துக் குளம் ஒன்றின் நீர்ப்பரப்பை அளப்பதாக வைத்துக்கொள்வோம். நீர்ச் சூத்திரத்தை மட்டும் நம்பினால் குளத்தோடு அதன் ஆயக்கட்டில் தண்ணீர் கட்டி நடவு முடித்த வயலும் நீராகச் சேர்ந்துவிடும். பொதிகை மலைச் சரிவுகளின் நிழலும் நீர்போல ஏமாற்றும். எனவே குளத்தின் கரையை ஒட்டி வரைந்த எல்லை மறைப்புக்கும் நீர்த் தெரிவு மறைப்புக்கும் பொதுவான படவணுக்களை மட்டும் எடுக்கவேண்டும். ஆகாயத்தாமரை படர்ந்த குளத்தில் நேர்மாறான சிக்கல்: அடியில் நீர் இருந்தும் சூத்திரம் அதைச் செடி என்றே காட்டும். அங்கே களத்துக்குப் போய்ப் பார்ப்பதைத் தவிர வேறு வழியில்லை.

அடுத்து மேகம். சென்டினல்-2 தரவோடு 20 மீட்டர் அளவில், ஒவ்வொரு படவணுவும் என்னவென்று எண்ணால் சொல்லும் ஒரு வகைப்பாட்டு அடுக்கும் கிடைக்கிறது. அதில் 3 என்றால் மேக நிழல். 8-உம் 9-உம் மேகம். 10 மெல்லிய கீற்று மேகம். இவற்றை நீக்க மறைப்பாக்கலாம். வடகிழக்குப் பருவமழைக் காலத்தில், முற்பகல் படத்தில் சூரியன் தென்கிழக்கே இருப்பதால் நிழல் மேகத்துக்கு வடமேற்கே விழும். அந்தத் திசையில் நிழல் விடுபடாமல் மூடப்பட்டிருக்கிறதா என்று கண்ணால் பார்த்துவிடுவது நல்லது. அமெரிக்கச் செயற்கைக்கோள்களான லேண்ட்சாட் 8, 9 படமானால் இருமங்களைப் படிக்கவேண்டும். அதன் தர அடுக்கில் தெளிவான நிலம் 21824 என்றும் தெளிவான நீர் 21952 என்றும் இருக்கும். வேறுபாடு 128; அதுதான் நீரைக் குறிக்கும் இருமம்.

கணக்கு எளிது. 10 மீட்டர் சென்டினல்-2 படத்தில் 100 படவணுக்கள் ஒரு ஹெக்டேர். ஆனால் மேகம் மூடிய படவணு ‘நீர் இல்லை’ என்று பொருள்படாது, ‘தெரியவில்லை’ என்றே பொருள்படும். இரண்டையும் 0 என்று போட்டுவிட்டால் நிரம்பி மறுகால் பாயும் குளம்கூட அட்டவணையில் பாதி வற்றியதாகத் தெரியும். அதை நம்பி எழுதும் அறிக்கை விவசாயிக்குத் தீங்கு செய்யும். நீர்ப்பரப்பை எழுதும் கட்டத்துக்குப் பக்கத்திலேயே, எல்லைக்குள் எத்தனை படவணுக்கள் மறைந்தன என்பதையும் எழுதவேண்டும். ஐப்பசி, கார்த்திகையில் வானம் திறக்காத வாரங்களில் அந்த எண் மிகப் பெரிதாக வந்தால் ஒளிப்படத்தை விட்டுவிட்டு, மேகத்தை ஊடுருவும் சென்டினல்-1 ரேடார் படத்துக்குப் போய்விடலாம். அதற்கு மேக நீக்க மறைப்பு தேவையில்லை. குளத்தின் எல்லை மறைப்பை அப்படியே பயன்படுத்திக்கொள்ளலாம்.