உள்ளூர் சேனல்னா சட்டம் கிடையாதா?

"சர்க்கரை நோய் அடியோடு குணமாகும்." கேபிள் சேனலின் அடியில் ஓடிய இந்த வரியை நம்பி, தருமபுரிப் பக்கம் ஒருவர் இன்சுலினை நிறுத்திவிட்டார். போதும்.

"லோக்கல் சேனலுக்கு ஏதுங்க சட்டம்? டில்லிக்கா எழுத முடியும்?" என்றுதான் எல்லோரும் கேட்கிறார்கள். டில்லிக்கு எழுதவே வேண்டாம். 1995ஆம் ஆண்டு கேபிள் சட்டம் உள்ளூர் சேனலுக்கும் பொருந்தும். அதில் அதிகாரம் பெற்ற அலுவலர் உங்கள் மாவட்ட ஆட்சியர். கோட்டாட்சியருக்கும் அந்த அதிகாரம் உண்டு. அந்தச் சட்டத்தின் விளம்பர நெறியை மீறிய நிகழ்ச்சியையோ சேனலையோ பொதுநலன் கருதி அவர்களே தடை செய்யலாம். சேனல்களைக் கவனிக்கும் மாவட்டக் கண்காணிப்புக் குழுவுக்கும் ஆட்சியர்தான் தலைவர்.

"சேனலில் தப்பா போடுறாங்க" என்று மொட்டையாக மனு கொடுக்காதீர்கள், அது அப்படியே கிடக்கும். தேதி, நேரம், சேனல் எண், கேபிள் நிறுவனத்தின் பெயர் எல்லாம் வேண்டும். லோகோவும் ஓடும் வரியும் விளம்பரத்தில் வரும் போன் நம்பரும் தெரியும்படி செல்போனில் வீடியோ எடுங்கள். ஆட்சியர் அலுவலகத்தில் திங்கட்கிழமை நடக்கும் குறைதீர் கூட்டத்தில் கொடுத்து, ஒப்புகைச் சீட்டைக் கேட்டு வாங்குங்கள். மத்திய அரசின் 2022 வழிகாட்டு நெறிப்படி கேபிள் நிறுவனம் தன் சொந்தச் சேனல் பதிவுகளை 90 நாள் வைத்திருக்க வேண்டும். அதற்குள் கேட்டால்தான் சாட்சி மிஞ்சும். நாலு மாதம் கழித்து வந்தால் கையில் இருக்கும் வீடியோதான் கதி.

சேனலையே மூடச் சொல்லவில்லை. ஒகேனக்கலில் பரிசலுக்குத் தடை, கிருஷ்ணகிரி கே.ஆர்.பி. அணையில் தண்ணீர் திறப்பு, பாலக்கோட்டில் தக்காளி விலை: இதையெல்லாம் பெரிய சேனல் சொல்லாது. ஓசூர் பக்கம் தென்பெண்ணைக் கரையில் இருப்பவருக்கு வெள்ள எச்சரிக்கை தெலுங்கிலும் கன்னடத்திலும் போக வேண்டும். உள்ளூர் மொழிக்கும் பண்பாட்டுக்கும் இடம் தரத்தானே கேபிள் நிறுவனத்துக்குச் சொந்தச் சேனல் நடத்த அனுமதியே.

ஆபரேட்டர்களே, "காசு கொடுத்தாங்க, போட்டோம்" என்று தப்பிக்க முடியாது. சர்க்கரை, புற்றுநோய், சிறுநீரகக் கல் இவற்றைக் குணமாக்குவதாக விளம்பரம் செய்வதை மருந்து, மாய வைத்திய விளம்பரங்களுக்கான 1954ஆம் ஆண்டுச் சட்டமே தடுக்கிறது. வெளியிடுவதில் பங்கெடுத்தவரும் அதில் மாட்டுவார். முதல் முறைக்கே ஆறு மாதம் வரை சிறை. உங்களிடம் ஓடிக்கொண்டிருக்கும் மருந்து விளம்பரங்களை இன்றைக்கே எடுத்துப் பாருங்கள். "அடியோடு", "உத்தரவாதம்" என்று எதில் இருந்தாலும் நிறுத்திவிடுங்கள், தயவுசெய்து.